முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட்

இந்தியக் கல்வித் துறையில் இவ்வளவு தாராள மனதோடு போடப்பட்ட கணக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2022 அக்டோபரில் வரைவாக வந்து, 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த தேசிய கிரெடிட் சட்டகத்தைத்தான் சொல்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு ஓராண்டில் 1,200 மணி நேரக் கற்றல். அதற்கு 40 கிரெடிட். ஆக, 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்த நேரத்துக்கு மட்டும்தான் மதிப்பு என்று கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஆய்வகம், வீட்டுப்பாடம், விளையாட்டு, யோகா, இசை, கைத்தொழில், சமூக சேவை, என்சிசி, தொழிற்பயிற்சி என்று ஒரு பிள்ளை எதையெல்லாம் கற்கிறதோ அதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தால் முதல் நிலை, எட்டு முடித்தால் இரண்டு, பத்து முடித்தால் மூன்று, பன்னிரண்டு முடித்தால் நான்கு. அங்கிருந்து ஏணி நேராகக் கல்லூரிக்குள் போய், முனைவர் பட்டத்தில் எட்டாம் நிலையில் முடிகிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே இருந்த மதிலை ஒரே அட்டவணையில் இடித்துப் போட்டது சாதாரண வேலையில்லை.

சேர்த்ததைப் போட்டு வைக்க வங்கியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிமுறைப்படி அமைந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். மாணவர் பெயரில் கணக்கு. அதில் ஏறிய கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டு வரை செல்லும். இப்போது பள்ளிப் பிள்ளைக்கும் 12 இலக்கத்தில் அபார் என்ற அடையாள எண் கொடுக்கிறார்கள். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்துப் பாடம் ஒன்றைப் படித்து முடித்தால், அந்த உழைப்பு வீணாகாமல் கணக்கில் கிடக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் எடுத்துச் செலவு செய்யலாம். எண்ணிப் பார்த்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்காகவே செய்த ஏற்பாடு போல இருக்கிறது. ஒரு பருவம் முன்கூட்டியே பட்டம் முடித்தால் ஒரு பருவத்து ஹாஸ்டல் கட்டணம் மிச்சம், மெஸ் பில் மிச்சம், ஆறு மாதம் முன்னதாகச் சம்பளம். வசதியுள்ள வீட்டில் ஆறு மாதம் பெரிய விஷயம் இல்லை. தோட்டத் தொழிலாளி வீட்டில் அது பெரிய விஷயம்.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற பெயரில் 1955 முதல் காலேஜ் போர்டு நடத்தி வருகிறது. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்துப் பாடம், ஆண்டு முடிவில் 5 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தருகின்றன. பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, அதே பாடத்தைப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஏற்றுகிற முறையும் அங்கே உண்டு. நம் பக்கம் சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்புக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகூட விண்ணப்பித்துத் தகுதிபெற்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இனி நான் அறிந்த மண்ணுக்கு வருகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பொள்ளாச்சிக்கு ஒரு பஸ் தூரம். இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், மறையூர், பீர்மேடு, உடும்பன்சோலை. அங்கே தேயிலையும் ஏலமும், தொழிலாளர் வரிசை வீடுகளான எஸ்டேட் லயங்களும். இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது கேரளத்துப் பக்கம் நின்றார்கள்.

கேரள அரசு இவர்களுக்குச் செய்திருப்பதைப் பாராட்ட வேண்டும், மனசாரப் பாராட்டுகிறேன். தமிழ் வழிப் பள்ளிகளை இன்றும் நடத்துகிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது. எஸ்எஸ்எல்சி கேள்வித்தாள் தமிழில் வருகிறது. கொரோனா காலத்தில் கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸ் நடத்திய ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்தார்கள். வேறு எத்தனை மாநிலம் தன் எல்லையோரத்துச் சிறுபான்மை மொழிக்கு இதைச் செய்திருக்கும்?

ஆக, பத்து ஆண்டு ஒரு பிள்ளையைத் தமிழில் பக்குவமாக நடத்திக் கூட்டிவந்து, பிளஸ் ஒன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சயன்ஸ் குரூப் எடுத்தால் அங்கிருந்து புத்தகம் ஆங்கிலம். வகுப்பில் விளக்கம் பெரும்பாலும் மலையாளம். அன்று காலை வரை முடுக்கம் என்றும் உராய்வு என்றும் படித்த பிள்ளை இனி இந்த இரண்டையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும் என்று அதன்மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அசாத்தியமானது. பெற்ற தாய் தகப்பன்கூடப் பதினைந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பிள்ளைகள் காப்பாற்றவும் செய்கிறார்கள் என்பதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பெண்ணின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். என்சிஇஆர்டி புத்தகம், ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சு வரிகளுக்கு நடுவே பென்சிலில் பொடி எழுத்து. சுழல் இயக்கம் பற்றிய பாடத்தில் ஒரு சொல்லுக்கு மேல் ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்று எழுதி, அதன் பக்கத்திலேயே மலையாளத்தில் டீச்சர் சொன்ன சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். தமிழ்ச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். பொள்ளாச்சியில் இருக்கும் பெரியம்மா மகளிடம் தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் தமிழ் வழிப் புத்தகம் இருந்திருக்கிறது. அதை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று ஒத்துப் பார்க்கிறாள். இரண்டு பாடத்திட்டமும் ஒன்றல்ல. அத்தியாய வரிசை மாறும், உதாரணம் மாறும். எந்தப் பத்திக்கு எந்தப் பத்தி என்று அவளே கண்டுபிடித்துப் பக்க எண்ணைக் குறித்து வைத்திருக்கிறாள். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் அகரவரிசையில் ஒரு சொற்பட்டியல் வேறு. எதற்கு இவ்வளவு சிரமம் என்றால், “எழுதி வெச்சாத்தானுங்க சார் மண்டைல ஏறுது” என்றாள். தினமும் எவ்வளவு நேரமாகும் என்றதற்கு அவள் அம்மா பதில் சொன்னார்: “சாப்பாட்டுக்கப்பறம் உக்காந்தா ஒண்ணரை மணி நேரம் எந்திரிக்க மாட்டாளுங்க. அதுக்கப்பறந்தான் வீட்டுப்பாடம்.”

சட்டகத்தை வகுத்தவர்களின் சூத்திரம் எவ்வளவு நியாயமானது என்பது எனக்கு அங்கேதான் விளங்கிற்று. ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். 300 மணி நேரம். 30ஆல் வகுத்தால் 10 கிரெடிட். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் சேர்த்து 20. அவள் செய்கிற வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் பெயர் உண்டு: அறிவியல் மொழிபெயர்ப்பு, கலைச்சொல்லாக்கம், ஒப்பீடு. கல்லூரித் தரத்து வேலை அது. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டத் திட்டத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 133 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 177. ஆறு பருவத்துக்கு 133 என்றால் பருவத்துக்கு 22 சொச்சம். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு பருவம் முன்னதாக, இரண்டரை ஆண்டிலேயே பட்டம் முடிக்கலாம் என்றும் அந்தத் திட்டம் இடம் வைத்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பெண் கல்லூரி வாசலை மிதிக்குமுன்பே ஏறக்குறைய ஒரு பருவத்தை உழைத்து முடித்துவிட்டாள். சூத்திரம் அவர்களுடையது, நேரம் அவளுடையது. அவள் கணக்கில் ஏறியிருப்பது பூஜ்யம்.

யோகாவுக்கும் என்சிசிக்கும் இடம் கண்டவர்கள், நாட்டின் எல்லையோரங்களில் எல்லாம் பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து செய்யும் இந்த வேலைக்கு அட்டவணையில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். சட்டகம் தடுக்கவில்லை. அதன் பெருமையே அதுதான்: எதையும் தடுக்கவில்லை. வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. வாசல் வரை வருவதற்கு வழி போடுவது மட்டும் வேறு யாருடைய வேலையோ ஆகிவிட்டது.

இணைய வழிப் படிப்பைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 2017இல் வந்த ஸ்வயம் தளத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை பாடங்கள் இலவசம். ஐஐடிக்காரர்கள் நடத்தும் என்பிடெல் பாடத்தில் யாரும் சேரலாம். வயது, படிப்பு எதுவும் கேட்பதில்லை. பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் மொழிபெயர்த்துத் தருகிறார்கள். உயர்ந்த காரியம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வு. ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. நேரில் போய் மையத்தில் எழுத வேண்டும். தமிழில் படித்ததை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஜீப், பஸ், துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் ஒரு நாள் கூலி. வயிறு நிறைந்தவனுக்குப் பந்தியில் முதல் இலை என்பது இதுதான்.

அந்த மலையில் சிக்னல் என்ற ஒன்றுக்காகப் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கொரோனா ஆண்டுகளில் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. ராஜமலைப் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் வந்து, அலைவரிசை கிடைக்கும் சாலையோரத்தில் குடை பிடித்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு அதே பகுதியின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. செய்தி வெளியே எட்ட மறுநாள் காலை ஆனது. அந்த மலைக்கு ஏழாண்டு செல்லுபடியாகும் இணையக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு பத்திரமாகத்தான் இருக்கும்; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தமிழ்நாட்டையும் விட்டுவிட முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் தந்தார்கள். மறு ஆண்டே பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் விரித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இந்தியாவே பார்த்துக் கற்றுக்கொள்ளத் தக்க திட்டங்கள். விதியையும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். மறையூரில் தமிழ் வழியில் பத்தாவதும் பிறகு பிளஸ் டூவும் முடித்து உடுமலைப்பேட்டைக் கல்லூரியில் சேருகிற பெண்ணோ, குமுளியிலிருந்து உத்தமபாளையம் போகிற பையனோ இந்த விதியில் எங்கே நிற்கிறார்கள் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. வெளியே நிற்கிறார்கள். எல்லை தாண்டிய தமிழர் என்று மேடையில் பேசும்போது அவர்கள் சொந்தம். விண்ணப்பத்தில் அவர்கள் வெளிமாநிலம். கேரளத்துக்கு மொழியால் சிறுபான்மை, தமிழ்நாட்டுக்கு முகவரியால் அந்நியர். இரண்டு அரசும் தத்தம் விதிப்படி நேர்மையாகவே நடக்கின்றன. பிள்ளைதான் இரண்டு நேர்மைக்கும் நடுவே நிற்கிறது.

ஒரு காலத்தில் பதினைந்து, பதினாறு வயதிலேயே பிள்ளைகள் கல்லூரிக்குள் இருந்தார்கள். கேரளத்தில் பிரீடிகிரி என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு கல்லூரியிலேயே நடந்தது; 1990களில் பிளஸ் டூ பள்ளிகளுக்கு மெல்ல மெல்ல வந்து, 2000 வாக்கில்தான் பிரீடிகிரி கல்லூரிகளிலிருந்து முழுதாக விலகியது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரி 1947இலிருந்து இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பத்தாவது முடித்த கையோடு அங்கே போய், கல்லூரி நூலகத்தையும் கல்லூரி ஆசிரியர்களையும் அந்த வயதிலேயே பார்த்தவர்கள். பிளஸ் டூவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது நியாயமான சீர்திருத்தம்தான். ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே படிக்க முடிந்தது. ஆனால் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைக்குக் கல்லூரித் தமிழ்த் துறையோடு அந்த வயதில் இருந்த ஒரு தொடர்பு அத்தோடு போயிற்று. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. பாலக்காடு ஐஐடி 2015இல் முதன்முதலில் வகுப்புத் தொடங்கியது கோழிப்பாறையில், தமிழ் பேசும் கிராமங்களுக்கு நடுவில். கஞ்சிக்கோட்டில் இப்போது அதற்குச் சொந்த வளாகம். நாட்டின் மிகச் சிறந்த பொறியியல் கல்வி நம் பிள்ளைகளின் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் குடியேறியது என்பது பெருமைக்குரிய செய்தி. அந்தக் கிராமங்களில் எத்தனை பிள்ளைகள் அதன் வாசலை உள்ளே இருந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஊருக்குள் கேட்டுப் பாருங்கள்.

மூணாறு அரசுக் கல்லூரியின் கதை வேறு. 1994இல் வந்தது; தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் மலை இறங்காமல் பட்டம் படிக்க, தமிழ்ப் பட்டப் படிப்பும் சேர்த்தே கொடுத்தது. 2018 ஆகஸ்ட் மழையில் அதன் கட்டடம் நிலச்சரிவில் போயிற்று. அதற்குப்பின் வேறு வேறு கூரைக்கடியில் வகுப்பு நடத்தினார்கள், கல்லூரியை மூடவில்லை. அந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் புகழ்வதில் எனக்கு எந்த உள்ளர்த்தமும் இல்லை. சொந்தக் கூரையே இல்லாமல் பாடம் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். கேள்வி அவர்களிடம் இல்லை. கட்டடம் போன பிறகு ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம்.

இந்த அரசுகளால் முடியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முடியும் என்பதற்கு அண்மையிலேயே சாட்சி இருக்கிறது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் முதன்முறையாகப் பழங்குடிக் கலைகளைப் போட்டியில் சேர்த்தார்கள். அட்டப்பாடியின் இருளர் நிருத்தம், மறையூர் மலையின் மலைப்புலையர் ஆட்டம், குமுளிப் பக்கத்துப் பளியர் நிருத்தம் மூன்றும் அதில் உண்டு. தாத்தா பாட்டி ஆடியதைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்ட ஆட்டத்துக்கு மாநில மேடை. கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க். ஒரு சர்க்கார் உத்தரவில் வீட்டுமுற்றத்துக் கல்வி பள்ளிக் கணக்கில் ஏறிவிட்டது. இதை நினைத்து எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. ஆட்டத்துக்குச் செய்ய முடிந்ததைப் படிப்புக்குச் செய்ய முடியாமல் போவதற்கு ஒரு காரணமும் எனக்குப் படவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, மூணாறில் இருக்கிறது. இரண்டிடத்திலும் இயற்பியலும் கணிதமும் பொருளியலும் படித்தவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பிளஸ் ஒன் சேர்க்கை முடியும்வரை பிள்ளைகள் கையில் இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா இருக்கிறது. தமிழ் வழியில் முடித்தவர்களுக்கு அந்த மாதங்களில் ஒரு பாலப் பாடம்: பிளஸ் ஒன் கணிதம், அறிவியல், வணிகவியல் ஆகியவற்றின் கலைச்சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது. பிறகு இரண்டாண்டும் அவர்கள் தாங்களாகவே செய்கிற மொழிபெயர்ப்பை ஒரு நோட்டில் எழுதி, பருவத்துக்கு ஒருமுறை கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குவது. பன்னிரண்டு முடிகையில் ஒரு வாய்மொழித் தேர்வு. 120 மணி நேரம் என்று சுருக்கமாகக் கணக்கிட்டாலும் சட்டகத்தின் சூத்திரப்படி 4 கிரெடிட். நான்காண்டுப் பட்டத் திட்டத்தில் ஒரு முழுப் பாடத்தின் எடை பெரும்பாலும் அவ்வளவுதான். அதைப் பிள்ளையின் கணக்கில் ஏற்றிவிட்டால், எந்தக் கல்லூரியில் எந்தப் பட்டத்துக்குச் சேர்ந்தாலும் ஒரு பாடம் குறையும். அந்த நோட்டுகளைத் தொகுத்தால் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு பிளஸ் ஒன் துணைநூலும் கிடைத்துவிடும். பொள்ளாச்சியில் பெரியம்மா மகள் இல்லாத பிள்ளைக்கும் அது உதவும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பாடக்குழு ஒன்று கூடி ஒரு பாடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், உயர்கல்வித் துறை பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சட்டகத்தை இவ்வளவு அழகாக எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வராதா? அடுத்த மார்ச்சில் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழ் வழியில் பத்தாவது எழுதப்போகிறவர்களின் பட்டியல் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது.